கரிசல் மண்ணில் பிறந்த கப்பல் வணிகர்: வால்சந்த் ஹீராசந்த்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கடல் இல்லை. கடலைக் காண விரும்பும் இவ்வட்டாரத்தார் நாகப்பட்டினத்துக்கோ கடலூருக்கோ செல்ல வேண்டும். ஆயினும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடப்பதையும், சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரம் ஒன்று கல்லாய்ச் சாய்ந்திருப்பதையும் இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். முன்னோர் ஊழியில் இங்குக் கடல் இருந்தது, பின்னர் விலகிற்று. இன்று இருப்பவை கரிசல் மண்ணும், அதில் விளையும் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும், நாள் முழுதும் ஓடும் சுண்ணாம்புக்கல் லாரிகளுமே.

இத்தகைய கரிசல் பூமிதான் மராட்டிய நாட்டின் சோலாப்பூர். அங்கும் பருத்தி, அங்கும் சோளம். கடற்காற்று எட்டாத உள்நாடு. இந்திய வணிகக் கப்பல் தொழிலைக் கால் ஊன்றச் செய்த வால்சந்த் ஹீராசந்த் அவ்வூரில்தான் 1882 நவம்பர் 23 அன்று பிறந்தார்.

குசராத்திலிருந்து தெற்கே வந்து குடியமர்ந்த திகம்பர சமணக் குடும்பம் அது. பருத்தி வாணிகமும் வட்டித் தொழிலும் அக்குடும்பத்தின் தொழில்கள். தந்தையார் ஹீராசந்த் நேம்சந்த் தோஷி, வணிகத்தோடு சமயப் பணியும் சமூகச் சீர்திருத்தமும் செய்தவர். 'ஜைன போதக்' என்னும் இதழைத் தொடங்கியவர். சோலாப்பூர் என்னும் பெயர் தமிழ்ச் சமணர்க்கு அயலானது அன்று. பி. பி. தேசாய் தென்னாட்டுச் சமணம் குறித்தும் அதன் கல்வெட்டுகள் குறித்தும் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1957இல் அவ்வூர்ச் சமணப் பதிப்பகத்திலிருந்தே வெளிவந்தது. நம் முன்னோர் பள்ளிகளைப் பற்றி அறிய விழைந்தோர் பலர் அந்நூலைத் தேடிப் படித்ததுண்டு.

வால்சந்த் பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். சோலாப்பூரில் பள்ளிப் படிப்பை முடித்துப் பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியிலும் புனே தக்காணக் கல்லூரியிலும் பயின்றார். பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார். குடும்பத்தின் பருத்திக் கணக்கும் வட்டிக் கணக்கும் அவர் மனத்துக்கு ஒட்டவில்லை. பேரேட்டில் வளரும் தொகையைவிட, கண்ணெதிரே எழும்பும் ஒன்றை அவர் மனம் நாடிற்று.

அந்நாளில் இருப்புப்பாதைகள் நாடெங்கும் நீண்டுகொண்டிருந்தன. இரயில்வேயில் எழுத்தராய் இருந்து விலகிய இலட்சுமணராவ் பல்வந்த் பாடக் என்பவருக்கு வேலையின் நுணுக்கம் தெரியும், முதல் இல்லை. வால்சந்துக்குக் குடும்பத்தின் முதல் உண்டு, வேலை தெரியாது. இருவரும் கூட்டுச் சேர்ந்து 'பாடக் வால்சந்த்' என்னும் பெயரில் ஒப்பந்தத் தொழில் தொடங்கினர். பார்சி குறும்பாதையின் ஒரு சிறு பகுதியே அவர்கள் மேற்கொண்ட முதல் வேலை. மண் வெட்டவும் கல் உடைக்கவும் ஆள் சேர்த்து, கூலி கொடுத்து, பொறியாளரின் அளவுக்கு ஒப்ப முடித்துக் கொடுத்து, பட்டியல் பணம் வரும்வரை கடனில் காலம் தள்ளும் தொழில் அது. இன்று அரியலூர்ப் பக்கம் சாலை ஒப்பந்தம் எடுப்போர்க்கு அந்த வாழ்வின் ஏற்ற இறக்கங்களை விளக்கத் தேவையில்லை.

தொழில் வளர்ந்தது. வளர வளர, சிறு ஒப்பந்தக்காரருக்கு எட்டாத பெருவேலைகள் கண்ணில் பட்டன. மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைக்கவும், ஏரியிலிருந்து நகரம்வரை பெருங்குழாய் பதிக்கவும் எந்திரங்கள் வேண்டும். ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கக்கூடிய முதல் வேண்டும். இந்நிலையில் பாடக் கூட்டிலிருந்து விலகினார். வால்சந்தின் வாழ்வில் நேர்ந்த முதற் பெருந்தேர்வு இதுதான்: தன் பெயரில் சிறிய அளவில் தொடர்வதா, வலிய நிறுவனத்தாரோடு சேர்வதா?

அவர் சேர்ந்தார். டாட்டாக்கள் அவருக்குப் பங்காளிகளாயினர். நிறுவனம் டாட்டாக் கட்டுமானக் கம்பெனி என்னும் பெயர் பெற்றது. சொந்தப் பெயர் பலகையிலிருந்து மறைந்ததற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. வேலைக்களம் அவர் கையில் இருந்தது. பம்பாய்க்கும் புனேவுக்கும் இடையே போர்க் கணவாயின் சுரங்கப்பாதைகளும், தான்சா ஏரியிலிருந்து பம்பாய்க்கு நீர் கொணரும் குழாய்ப் பணியும் அக்கம்பெனியின் வேலைகள். பின்னர், 1935இல், டாட்டாக்கள் தங்கள் பங்குகளை அவரிடமே விற்று விலகினர். கம்பெனி பிரீமியர் கட்டுமானக் கம்பெனி ஆயிற்று. அதற்கு முன்பே, 1926இல், இந்துஸ்தான் கட்டுமானக் கம்பெனியையும் அவர் தோற்றுவித்திருந்தார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வால்சந்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கப்பலிலிருந்தே தொடங்கி, எவர்க்கும் தலைவணங்காத தனிவீரராக அவரைக் காட்டிவிடுகின்றனர். பெரியோரோடு சேர்வதை இழிவாகக் கருதியவர் அல்லர் அவர். ஒருமுறை சேர்ந்து, அதனால் வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் மறுமுறை சேர மறுத்தார் என்பதே அவர் வாழ்வில் நின்று எண்ணத்தக்கது.

முதல் உலகப்போர் முடிந்த காலம். டெல்லியிலிருந்து பம்பாய்க்குத் திரும்பும் இரயில் பயணத்தில் கப்பல் ஒன்று விற்பனைக்கு இருக்கும் செய்தி வால்சந்தின் காதில் விழுந்தது. கப்பலின் பெயர் 'லாயல்ட்டி'. பசிபிக் பெருங்கடலில் கனடாக் கம்பெனி ஒன்றுக்காக ஓடிய பழைய பயணிகள் கப்பல். அப்போது அதன் பெயர் 'இந்தியப் பேரரசி'. போர் தொடங்கியதும் குவாலியர் அரசர் சிந்தியா அதனை வாங்கி, காயமுற்ற படைவீரர்க்கு மருத்துவக் கப்பலாக அளித்தார். போர் ஓய்ந்ததும் அது வேண்டாப் பொருளாயிற்று. கட்டி முப்பது ஆண்டை நெருங்கிய கலம். நிதானமுள்ள வணிகன் விலை கேட்கவே தயங்குவான். வால்சந்த் பம்பாய்ப் பருத்தி ஆலை முதலாளி நரோத்தம் மொரார்ஜியையும், லல்லுபாய் சாமள்தாஸ், கீலாசந்த் தேவ்சந்த் ஆகியோரையும் இணைத்துக்கொண்டு கப்பலை வாங்கினார். 1919 மார்ச்சு 27இல் சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. அனுமதிக்கப்பட்ட மூலதனம் நாலரைக் கோடி ரூபாய். ஏப்ரல் 5 அன்று லாயல்ட்டி பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. வால்சந்தும் நரோத்தமும் அதிலேயே சென்றனர். ரௌலட் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் அழைத்த நாடளாவிய கடையடைப்பு மறுநாள், ஏப்ரல் 6.

கப்பல் போயிற்று, ஆதாயம் வரவில்லை. பழைய எந்திரங்கள் செலவு வைத்தன. திரும்பி வருகையில் போதிய சரக்குக் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில், 1923இல், லாயல்ட்டி பம்பாயிலேயே உடைப்புக்கு விற்கப்பட்டது. அந்தக் கப்பலை மட்டும் கணக்கில் எடுத்தால் அது தோல்விதான். ஆனால் அதற்குள் கம்பெனி பிரித்தானியச் சரக்குக் கப்பல்கள் சிலவற்றை வாங்கியிருந்தது. அவற்றையும் போர் முடிந்த உடனடிக் காலத்தின் ஏறிய விலையில் வாங்க நேர்ந்தது. 1920க்குப் பின் உலகெங்கும் கப்பல் கூலி சரிந்தது. கப்பல்களின் மதிப்பும் அதனோடு சரிந்தது. தொள்ளாயிரத்துப் பத்தொன்பதில் துணிவு எனப்பட்டது, இருபத்திரண்டில் அவசரம் எனப்பட்டது.

இனி, எதிர்நின்றவர் யார் என்பதைக் காண வேண்டும். 1856இல் கல்கத்தா பர்மா கப்பல் கம்பெனியாய்த் தொடங்கிப் பின்னர்ப் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கம்பெனி என்று பெயர் மாறிய நிறுவனம் இந்தியக் கரையோரம் முழுவதையும் தன் நீர்வழியாக்கி வைத்திருந்தது. அரசின் அஞ்சல், படைவீரர், பர்மா அரிசி, இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் சென்ற தமிழ்த் தொழிலாளர் ஆகிய யாவும் அதன் கப்பல்களில் சென்றன. அந்நாள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த பெரம்பலூர், உடையார்பாளையம் பகுதிகளிலிருந்து பிழைப்புக்காக நாகப்பட்டினம் சென்று கப்பலேறியோரும் அக்கம்பெனியையே நம்பிச் சென்றனர். 1914இல் அது பி. அண்டு ஓ. என்னும் மற்றொரு பெருங்கம்பெனியோடு இணைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள். இரண்டுக்கும் தலைவர் இஞ்ச்கேப் பிரபு.

இந்தக் கம்பெனியை எதிர்த்தவர் முன்பும் இருந்தனர். அவர்கள் கதி எல்லாரும் அறிந்ததே. 1890களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானியக் கம்பெனியோடு கைகோத்துக் கீழ்த்திசைக்குக் கப்பல் விட்டார். பி. அண்டு ஓ. கூலியை அடிமட்டத்துக்குக் குறைத்தது. டாட்டாவின் கப்பல் வரிசை நெடுநாள் நிற்கவில்லை. 1906 அக்டோபர் 16இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மூலதனம் 10 இலட்சம். பாண்டித்துரைத் தேவர் தலைவர். காலியா, லாவோ என இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அங்கும் அதே ஆயுதம். கொழும்புக் கட்டணத்தைப் பிரித்தானியக் கம்பெனி படிப்படியாக இறக்கி, இறுதியில் பயணிகளைக் கட்டணமின்றியே ஏற்றிக்கொண்டது என்பது தமிழ்நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பெருந்தொகை வாங்கிக்கொண்டு கம்பெனியை விட்டு விலகுமாறு பிள்ளையவர்களுக்கே ஆசை காட்டப்பட்டது என்பர், அவர் இசையவில்லை. 1908இல் சிறை புகுந்தார். 1911இல் கம்பெனி கலைந்தது. கப்பல்களும் போட்டியாளர் கைக்குப் போயின.

கூலியைக் குறைக்கும் போர் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்லலாம். நூறு கப்பல் உடையவன் ஒரு வழித்தடத்தில் நட்டப்பட்டாலும், தொண்ணூறு தடங்களில் அதை ஈட்டிக்கொள்வான். ஒரே தடத்தில் ஓடும் சிறுவனுக்கு அந்த நட்டமே முழு நட்டம். இதனோடு தள்ளுபடி என்னும் கண்ணியும் உண்டு. சரக்கு அனுப்பும் வணிகர் தம் மூட்டைகள் அனைத்தையும் பெருங்கம்பெனிக்கே கொடுத்துவந்தால், சில மாதம் கழித்துக் கூலியில் ஒரு பகுதி அவருக்குத் திருப்பித் தரப்படும். இடையில் ஒரு மூட்டையைப் பிறர் கப்பலில் ஏற்றினாலும் சேர்ந்திருக்கும் தொகை முழுவதும் போய்விடும். சுதேசியத்தில் நெஞ்சார்ந்த பற்றுடைய வணிகரும் இந்தக் கணக்கின்முன் தயங்கி நின்றனர். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கும் குடும்பமும் கடனும் இருந்தன.

சிந்தியாவின்மீதும் இவ்விரண்டும் ஏவப்பட்டன. பர்மாவிலிருந்து இந்தியத் துறைமுகங்களுக்கு வரும் அரிசிதான் கரையோர வாணிகத்தின் உயிர்நாடி. அதன் கூலி செலவுக்கும் கட்டாத நிலைக்கு இறக்கப்பட்டது. பங்குதாரர்க்கு ஆதாயம் இல்லை. பங்கின் விலை வீழ்ந்தது. இத்தருணத்தில், 1922இன் குளிர்காலத்தில், அரசின் செலவுக் குறைப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்று இஞ்ச்கேப் பிரபு இந்தியா வந்திருந்தார். ஆட்சியாளரின் செலவுக் கணக்கைத் திருத்த வந்தவரே கடலின் முதலாளியும் ஆவார். சிந்தியாவை விலைக்கு வாங்க அவர் முன்வந்தார்.

இவ்விடத்தில் சிந்தியா இயக்குநர்களின் நிலையை நியாயத்தோடு நோக்க வேண்டும். அவர்கள் கோழைகள் அல்லர், பம்பாயின் பெருவணிகர்கள். பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்றவர்கள். வாங்கிய விலையில் பாதியும் பெறாத கப்பல்கள், நாளும் பெருகும் நட்டம், எதிரே சலிப்பில்லாத பகைவன். விற்றுவிட்டால் பங்குதாரர்க்கு ஓரளவேனும் முதல் திரும்பும். விற்காவிட்டால் வ. உ. சி.யின் கம்பெனிக்கு நேர்ந்தது இதற்கும் நேரலாம். தன் பணத்தைப் பணயம் வைப்பவன் வீரம் பேசலாம்; ஊர்ப் பணத்தைக் கையில் வைத்திருப்பவன் அவ்வளவு எளிதாகப் பேச முடியாது. பெரம்பலூரில் சொந்தத் தராசோடு வெங்காய மண்டி வைத்திருப்பவரிடம் திருச்சிப் பெருவணிகர் ஒருவர் வந்து விலை பேசினால், அன்றிரவு அவர் வீட்டில் நடக்கும் பேச்சும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

வால்சந்த் விற்க இசையவில்லை. டாட்டாக்களோடு சேர்ந்தவர் இஞ்ச்கேப்போடு சேர ஏன் மறுத்தார்? ஆங்கிலேயர்மீது கொண்ட வெறுப்பு என்று மட்டும் சொன்னால் போதாது. ஆங்கில அரசின் இருப்புப்பாதை ஒப்பந்தங்களில்தான் அவர் செல்வம் வளர்ந்தது. வேற்றுமை வாங்குபவரின் நோக்கத்தில் இருந்தது. டாட்டாக்களுக்கு வேலை முடிக்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. சேர்ந்த மறுநாளும் வால்சந்துக்குக் களம் இருந்தது. நூறு கப்பல் உடைய இஞ்ச்கேப்புக்குச் சிந்தியாவின் சில கப்பல்கள் எதற்கு? அவர் விலை பேசியது கப்பலுக்கு அன்று, கடலில் இந்தியக் கொடியின் இன்மைக்கு. விற்ற மறுநாள் கூலி பழைய உயரத்துக்கு ஏறியிருக்கும். வால்சந்துக்குக் கையில் பணம் இருந்திருக்கும், செய்யத் தொழில் இருந்திராது.

விற்பனை மறுக்கப்பட்டது. ஆயினும் வால்சந்த் எண்ணியது முழுதும் நடந்துவிடவில்லை. 1923இல் கம்பெனி இஞ்ச்கேப்போடு 10 ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படிக் கூலிப்போர் நிற்கும். சிந்தியா கரையோர வாணிகத்தில் ஏற்கப்பட்ட உறுப்பாகும். மாற்றாக, அது 75,000 டன்னுக்கு மேல் கப்பல் வைத்திருத்தல் ஆகாது. வெளிநாட்டு வழித்தடங்களிலும் பயணிகள் போக்குவரத்திலும் புகுதல் ஆகாது. நரோத்தம் மொரார்ஜி இதை ஏற்றார். வால்சந்துக்கு இது பெருங்கசப்பு. அடிமை முறி என்றே அவர் இதனைக் கருதினார்.

யார் சரி? இன்று திரும்பிப் பார்க்கையில், நரோத்தமின் பக்கமும் நியாயம் கனமாகவே உள்ளது. உடன்படிக்கை இல்லையேல் சிந்தியா 1925ஐக் கண்டிருக்குமோ என்பது ஐயமே. வால்சந்தின் பிடிவாதம் இல்லையேல் 1923இலேயே அது விற்கப்பட்டிருக்கும் என்பதும் அதே அளவு உண்மை. ஒருவர் விற்பனையைத் தடுத்தார். மற்றவர் பட்டினியைத் தடுத்தார். வரலாற்று நூல்கள் முதல்வரையே மிகுதியும் போற்றுகின்றன. நரோத்தம் மொரார்ஜிக்குக் கிடைக்க வேண்டிய புகழ் முழுமையாகக் கிடைக்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

வெறுத்த உடன்படிக்கைக்குள் இருந்துகொண்டே வால்சந்த் பத்தாண்டு உழைத்தார். கோபித்துக்கொண்டு விலகிப் போகவில்லை. கடலில் விரிய முடியாதபோது சட்டமன்றத்தில் விரிந்தார். இந்தியக் கரையோர வாணிகம் இந்தியக் கப்பல்களுக்கே உரியதாக வேண்டும் என்னும் மசோதாவை 1928இல் எஸ். என். ஹாஜி மத்தியச் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். அவர் சிந்தியாவில் பணியாற்றியவர். மசோதா சட்டமாகவில்லை. ஆனால் கப்பல் கூலி என்பது வணிகர் சிலரின் வழக்கு என்ற நிலை மாறி, நாட்டின் வழக்காயிற்று. 1929இல் நரோத்தம் விபத்தில் மறைந்தார். வால்சந்த் தலைவரானார்.

அதன்பின் சிந்தியா வளர்ந்த கதையை நீட்ட வேண்டுவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட இயலாது. கம்பெனி வளர்ந்ததும் வேறு கப்பல் கம்பெனிகள் அதன் ஆளுகைக்குள் வந்தன; கொங்கணக் கரையில் நெடுங்காலம் ஓடிய பம்பாய் நீராவிக் கப்பல் கம்பெனியும் அவற்றுள் ஒன்று. 1937இல் ஹஜ் பயணிகள் போக்குவரத்தில் சிந்தியா புகுந்தபோது, நெடுநாளாய் அத்தடத்தில் இருந்த மொகல் கம்பெனியோடு மூண்ட கட்டணப் போரில் கூலி குறைப்பு என்னும் ஆயுதத்தை இரு தரப்பும் எடுத்தன. முன்பு தன்மேல் வீசப்பட்டதைத் தானும் வீசக் கற்றுக்கொண்டார் வால்சந்த். வாங்கப்படுவதற்கு அஞ்சியவர் வாங்குபவராக மாறிய பின் சிறியோர்க்கு எவ்வளவு இடம் கொடுத்தார் என்பது அவர்தம் வரலாற்றில் ஆராயத்தக்க பகுதி. உடைமைக்கு அளவு வகுத்துக்கொள்ளும் நோன்பை இல்லறத்தார்க்கு விதித்த சமயத்தில் பிறந்தவர், 75,000 டன் என்று பிறர் வகுத்த அளவைத் தாங்காமல் துடித்தார் என்பதையும் சமண வாசகர் கவனிக்காமல் இரார். தானே ஏற்பதும் பிறர் பூட்டுவதும் ஒன்றல்ல என்று அவர் சார்பில் விடை கூறலாம்.

சோம்பியிருத்தல் அவர் இயல்பில் இல்லை. கரும்பும் சர்க்கரையும் ஒருபுறம். 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் இந்துஸ்தான் விமானக் கம்பெனி. 1944இல் பிரீமியர் மோட்டார்க் கம்பெனி. விமான ஆலை போரின் தேவையால் 1942இல் அரசின் கைக்குப் போயிற்று. இவை ஒவ்வொன்றும் தனிக்கட்டுரைக்கு உரியன. கப்பல் வாங்கி ஓட்டியவருக்குக் கப்பல் கட்ட வேண்டும் என்னும் வேட்கை எழுந்ததுதான் இங்கு வேண்டப்படுவது. பிறர் கட்டிய பழங்கலத்தை விலை மிகக் கொடுத்து வாங்கி 1920களில் பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை போலும். வங்கக் கடலோரம் விசாகப்பட்டினத்தைத் தேர்ந்தார். 1941 ஜூன் 21இல் இராசேந்திர பிரசாத் கட்டுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார். போர் இடையூறு செய்தது. பணி நின்று தொடர்ந்தது. 1948 மார்ச்சு 14இல் அங்குக் கட்டப்பட்ட 'ஜல உஷா' என்னும் கப்பலைப் பிரதமர் நேரு நீரில் இறக்கினார்.

கப்பல் கட்டுவது ஓட்டுவதைவிடப் பெருஞ்செலவுத் தொழில். தனியார் முதலால் அதைத் தாங்க இயலவில்லை. 1952இல் கட்டுதளத்தை அரசு ஏற்றது; அதுவே இந்துஸ்தான் கப்பல் கட்டுதளம். தன் கையால் எழுப்பிய ஒன்றைத் தன்னினும் பெரிய கையில் ஒப்படைக்கும் தேர்வு அவர் குழுமத்துக்கு மறுபடியும் வந்தது. இம்முறை வாங்கியவர் கட்டுதளத்தை மூடுவதற்காக வாங்கவில்லை.

அந்த முடிவின்போது வால்சந்த் களத்தில் இல்லை. 1949இல் பக்கவாதம் தாக்கியது. மறு ஆண்டு பொறுப்புகளிலிருந்து விலகினார். ஓயாது பயணம் செய்தவர், பேச்சும் நடையும் தளர்ந்து, மனைவி கஸ்தூர்பாயின் பராமரிப்பில் குசராத்தின் சித்தப்பூரில் இறுதி நாட்களைக் கழித்தார். கரையோர வாணிகம் முழுவதும் இந்தியக் கப்பல்களுக்கே என்னும் நிலை அவர் நோயுற்றுக் கிடந்த அவ்வாண்டுகளில்தான் கைகூடிற்று. 22 ஆண்டுகளுக்கு முன் ஹாஜியின் மசோதா கேட்டது அதுவே.

1953 ஏப்ரல் 8இல் வால்சந்த் சித்தப்பூரில் மறைந்தார். லாயல்ட்டி பம்பாயை விட்டுப் புறப்பட்ட அந்த ஏப்ரல் 5ஐ 1964 முதல் நாடு தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடி வருகிறது. அன்று துறைமுகங்களில் நிற்கும் கப்பல்களில் கொடிகள் ஏற்றப்படுகின்றன, தூத்துக்குடியிலும் ஏற்றப்படுகின்றன. அத்துறைமுகத்துக்கு இப்போது வ. உ. சிதம்பரனார் பெயர்.